கேட்டால் சொல்லிவிடுவார்

திருப்பதியில் நாங்கள் போய்வந்த அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மட்டும்தான் பெயர் உண்டு. மைக்கில் கூப்பிடுவார்கள். கூட வந்தவர்களுக்கு ஊர்தான் பெயர். பலமநேர் வெந்நீர் பிடிக்கப் போயிருக்கிறது, மதனப்பள்ளியை இன்றைக்குக் காணோம் என்றுதான் பேசிக்கொள்வோம். நான் நகரி. அவர் குடிபாலா. அவருடைய சொந்தப் பெயரைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் போனில் இன்றுவரை அவர் குடிபாலாதான்.

ஆள் குள்ளம். கழுத்து இருப்பதே தெரியாத உடம்பு. சித்தூர் பக்கம் மாந்தோப்புகளிலும் ஏரிகளிலும் ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்தச் சத்தத்திலேயே உட்கார்ந்து ஒரு காது பாதி மந்தமாகிவிட்டது. அதனால் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்வார். ரகசியம் பேசுவதற்கான வசதி உடம்பிலேயே இல்லாத மனிதர்.

நான் அவரை முதலில் பார்த்ததே அப்படித்தான். வெளிநோயாளிகள் கூடத்தில் நைனாவோடு, என் அப்பாவோடு, உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு அம்மா, அறுபதை நெருங்கும் வயது, முந்தானையால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த இவர், நான்கு வரிசை தள்ளி நின்றே சொன்னார்.

"மா, கட்டி இல்லியாம். கான்சராம். மாருல. மொதல்ல மருந்து ஏத்துவாங்களாம், அப்பறமா அறுத்து எடுத்துடுவாங்களாம். முடி கொட்டிடுமாம்."

அங்கே வந்திருந்த எல்லாருக்கும் அந்த நோய்தான், அல்லது அந்தச் சந்தேகம்தான். ஆனால் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கட்டி, புண், சதை, ப்ராப்ளம் என்றுதான் சொல்லிக்கொள்வோம். மார்பில் வந்த பெண்களோ அதையும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கையை மட்டும் அந்தப் பக்கம் லேசாக அசைப்பார்கள். ஒரு ஆண்பிள்ளை, பெற்ற தாயிடம், நூறு பேர் நடுவில் இப்படிச் சொன்னதைக் கேட்டு என் பக்கத்திலிருந்த பெண் தன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"செரி. நீ காலைலேர்ந்து எதுனா துன்னியா இல்லியா?"

"துன்னேன்."

"இன்னா துன்ன?"

"பன்னு."

"பன்னு துன்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? வா, போயி சோறு துன்னுட்டு வரலாம்."

இருவரும் எழுந்து போனார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் நிலைமை வேறு. நைனா நகரியில் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் தெருவில் எல்லா ஆண்களுக்கும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அதிலும் நைனாவின் தொண்டை பேர்போனது. தெருமுனையில் அவர் யாரையாவது கூப்பிட்டால் ரயில்வே கேட் வரை கேட்கும் என்பார்கள். அந்தக் குரல் சில மாதங்களாகக் கரகரத்துக்கொண்டே வந்தது. சளி என்றார்கள், பஞ்சுத்தூசி என்றார்கள். கடைசியில் குரல்வளையிலேயே புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டும், கழுத்தில் துளை போட்டு அதன் வழியாகத்தான் இனி மூச்சு, அதற்குப் பிறகு ரேடியேஷன் என்று டாக்டர் என்னிடமும் அண்ணனிடமும் சொன்னார். அண்ணன் எழுந்து நின்று தெலுங்கில் கெஞ்சினான். நைனாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்டால் பயத்திலேயே போய்விடுவார் என்று. நைனாவிடம் "தொண்டையில சத வளந்து கீது" என்று சொன்னோம். நானும் அதற்கு உடந்தை. புத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு நைனாவோடு இருக்க வந்தேன். அண்ணன் ஊரில் தறியைப் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோனான்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் குடிபாலாக்காரர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார். நைனாவுக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். ஆபரேஷன், கழுத்துத் துளை என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்ன கையோடு, நைனாவுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் குடத்தை நிமிர்த்தி வைத்தார்.

"நானா போயி சொல்ல மாட்டேன்க்கா. அவரா கேட்டா சொல்லிடுவேன். அப்பறம் எம்மேல கோச்சிக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி."

"தெரியுமே."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நைனாவை அவர் பக்கத்தில் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவர் ஒரு மூலையில் இருந்தால் நாங்கள் அடுத்த மூலைக்குப் போனோம். அவர் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அவருடைய அம்மா மகனின் இந்த வாயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். அவர்கள் அப்போது சொந்த நிலம் இல்லாத குடும்பம். அந்த அம்மா கூலிக்குப் போய்வந்த தோப்பில் ஒருநாள் மடியில் கொஞ்சம் புளி கட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். தோப்புக்காரர் தேடிக்கொண்டு வந்தபோது வாசலில் இவர் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்கம்மா புளி எடுத்தாந்தாளாடான்னு கேட்டாரு. இவன் 'ஆமாம், அடுப்பு பக்கத்துல கீது'ன்னு உள்ள கூட்டிக்கினு வந்துட்டான். அந்தாளே சிரிச்சிட்டாரு. ஆனா வேல போச்சு. இவன் வாயால எனுக்கு ரெண்டு தோப்புல வேல போச்சிம்மே."

பெண் பார்க்கப் போன இடத்தில், கேட்கிறார்களே என்று, ஒரு காது சரியாகக் கேட்காது என்றும் ஒரு காலத்தில் குடித்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார் முகம் சுருங்கிவிட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண், "இப்ப குடிக்கிறியா இல்லியான்னு கேளுங்க" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும் கல்யாணம் முடிவாகிவிட்டது. அந்தப் பெண்தான் குடிபாலாவில் ஒரு சின்னக் குழந்தையையும் இரண்டு மாடுகளையும் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவின் முடி மருந்து ஏறத் தொடங்கியதும் கொட்டிவிட்டது. மற்ற ஊர்களில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். திருப்பதியில் அந்தத் தொல்லை கிடையாது. ஊரில் பாதித் தலைகள் மொட்டைதான். கீமோ எடுத்த பெண்களை எல்லாரும் மலையில் முடி கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். எங்கள் கூடத்துப் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். யாராவது கேட்டால் ஆமாம், வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் காலையில் பேருந்து நிலையத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் நைனாவும் நானும் ஏறி உட்கார்ந்த பிறகு, குடிபாலாக்காரரும் அவர் அம்மாவும் வந்து ஏறினார்கள். இறங்க முடியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரப் பெண்ணுக்கும் புது மொட்டை. சந்தனம் பூசியிருந்தாள். இந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "கொண்டக்கி போயி ஒச்சினாரா அம்மா?" என்றாள். மலைக்குப் போய் வந்தீர்களா என்று கேட்கிறாள். அந்த அம்மா தலையாட்டப் போனார். அதற்குள் மகன், "லேதக்கா, கேன்சர். மந்துக்கு ஜுட்டு ராலிபோயிந்தி" என்றார். இல்லை, புற்றுநோய், மருந்துக்கு முடி உதிர்ந்துவிட்டது.

அம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"அவங்க உன்னியாடா கேட்டாங்க? என்னியத்தான கேட்டாங்க?"

அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"ஆமா. உன்னியத்தான் கேட்டாங்க. தப்புதான்."

நைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து, இருமி, கண்ணில் நீர் வந்து, மறுபடி சிரித்தார். பிறகு குடிபாலாக்காரரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் நைனாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு நைனா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்து நியாயம் சரியாகவே இருந்தது. "சத வளந்ததுக்குப் போயி எவனாச்சும் கழுத்த அறுத்துக்குவானா? பச்சில அரச்சிப் போட்டா கரஞ்சிட்டுப் போவுது. ஊட்டுக்குப் போலாம் வா" என்றார். நாங்கள் சொன்ன பொய் அந்த அளவுக்குச் சின்னதாக இருந்தது. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது செய்தால் பிழைக்கவைக்கலாம், தள்ளிப்போட்டால் பிறகு கத்தி வைக்கவே இடம் இருக்காது என்றார். அண்ணன் தினமும் போனில் நைனாவோடு சண்டை போட்டான். ஆனால் சொல்லக் கூடாது என்பதில் மாறவில்லை. நைனா துணிகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் கிளம்புவதாக இருந்தது.

அன்று பிற்பகல் மருந்துக் கடையிலிருந்து நான் திரும்பி வந்தபோது, கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் நைனாவும் குடிபாலாக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரோட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பேச்சு காதில் விழுந்தது. இருவருமே உரக்கப் பேசுகிறவர்கள். லாரிகள் வந்துகொண்டே இருந்தன, என்னால் தாண்ட முடியவில்லை.

"சுத்தமாவா?" என்று நைனா கேட்டார்.

"சுத்தமா போயிடும் நைனா. பேச முடியாது."

"மூச்சு?"

"கழுத்துல ஓட்ட போட்டு வுடுவாங்க. அதுலதான் மூச்சு."

"சோறு துன்ன முடியுமா?"

"முடியும்னு சொன்னாங்களாம். கொஞ்ச நாளு டியூபுல ஊத்துவாங்க. அப்பறம் வாயாலயே துன்னலாம்."

"அறுக்கலன்னா?"

"ஆளு போயிடுவ."

நான் போய்ச் சேர்ந்தபோது நைனா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் டீ மிச்சமிருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனுக்கு இது தெரியுமா?"

தலையாட்டினேன்.

"உங்கண்ணனுக்கு?"

"தெரியும் நைனா."

"உங்கம்மாவுக்கு?"

அதற்கும் தலையாட்டினேன்.

"என் தொண்ட. எனுக்கு மட்டுந்தான் சொல்லல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தறியில் நூல் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். பிறகு குடிபாலாக்காரர் பக்கம் திரும்பி, "நீ சொன்னது மட்டும் பொய்யா இருந்துது, வந்து ஒதப்பேன்" என்றார்.

"ஒத நைனா."

இரவு வண்டியில் அண்ணன் வந்து சேர்ந்தான். நான் போனில் சொல்லியிருந்தேன். வந்ததும் வராததுமாக வராந்தாவில் படுத்திருந்த குடிபாலாக்காரரை எழுப்பிச் சட்டையைப் பிடித்தான். யாருடா நீ, எங்க நைனா சாவறதுக்கு நீ யாரு நாள் குறிக்கிறதுக்கு என்று கத்தினான். அவர் கையை உயர்த்தவேயில்லை. அண்ணனைவிட இரண்டு மடங்கு பலம் உள்ளவர்.

"அடிக்கணும்னா அடிச்சிக்க. அவுரு கேட்டாரு, சொன்னேன்" என்றார்.

நைனா உள்ளேயிருந்து வந்தார். "வுட்றா அவன!" என்று கத்தினார். துணி கிழிவது போல வந்தது குரல். அண்ணன் விட்டுவிட்டான். நைனா அண்ணனிடம் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, போய்த் தூங்கு என்றார். அண்ணன் குடிபாலாக்காரரிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இன்றைக்கும், நைனா பிழைத்தது ஆபரேஷனால்தான், அந்தாளால் இல்லை என்பான். அதுவும் ஒருவகையில் சரிதான்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நைனா பகல் முழுக்கப் போனில் பேசினார். ஏகாம்பரகுப்பத்திலிருக்கும் அத்தை, திருத்தணி சித்தப்பா, கூடத் தறி ஓட்டியவர்கள், ஒரு கல்யாணத் தகராறுக்குப் பிறகு பேச்சு நின்றுபோயிருந்த ஒரு பங்காளி என ஒருவரையும் விடவில்லை. அந்தப் பங்காளியோடு பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து மறுபடி போட்டார். தொண்டை நோகுமே என்று, ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா தடுத்ததற்கு, "நாளிக்கி இன்னாத்துக்கு மிச்சம் வெக்கிறது" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகான வாரங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மூக்கு வழியாகப் போன குழாயில் கஞ்சியும் பாலும் ஊற்றினேன். கழுத்துத் துளையில் சளி அடைக்காமல் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தார். முதல்நாள் நர்ஸையே செய்யச் சொன்னேன், பிறகு அது பாத்திரம் கழுவுவது போன்ற வேலையாகிவிட்டது. நைனாவுக்குக் கோபம் வந்தால் கட்டில் கம்பியில் ஸ்பூனால் தட்டுவார். அந்தத் தட்டலில் என்னைத் திட்டுகிறாரா, தண்ணீர் கேட்கிறாரா என்று எனக்குப் பிரித்துத் தெரிய ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கழுத்தைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்து, ஒண்ணுமே தெரியல, நல்லா கீறீங்க என்றார்கள்.

குடிபாலாக்காரர் வந்து குனிந்து அந்தத் துளையை நன்றாகப் பார்த்தார்.

"பாக்கறதுக்கு நல்லா இல்ல நைனா. ஆனா மூச்சு நல்லா வருது."

நைனா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. துளையிலிருந்து சளி தெறித்துக் குடிபாலாக்காரர் சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இதை வைத்து அவரைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடக் கூடாது. நைனாவுக்கு ரேடியேஷன் நடந்த அந்த வாரங்களில் அந்த அம்மாவுக்கும் ஆபரேஷன் முடிந்து ரேடியேஷன் நடந்தது. கூட வந்தவர்கள் தங்கும் ஷெட்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் சமைத்துச் சாப்பிட்டோம். பலமநேரிலிருந்து ஒரு பெண் தன் புருஷனோடு வந்திருந்தாள். வயிற்றில் நோய். ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக, ஏதோ நல்ல வார்த்தைக்காக, "எங்கூட்டுக்காரருக்கு நல்லா ஆயிடும்ல அண்ணா?" என்று இவரிடம் கேட்டாள். நான் அவரைக் கண்ணால் தடுத்தேன்.

"எனுக்குத் தோணலம்மா. வந்ததுலேர்ந்து அவுரு ஒடம்பு எறங்கிக்கினேதான் கீது" என்றார்.

அவள் அழவில்லை. வடித்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். நர்ஸ் வந்து இவரைத் தெலுங்கில் கிழிகிழியென்று கிழித்தார். நீ என்ன டாக்டரா, அந்த ஆளுக்கு இன்னும் மருந்து பாக்கி இருந்தது, உன் வாயால் போய்விட்டார்கள் என்று. ஷெட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பலமநேர்க்காரர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. பிழைத்தும் இருக்கலாம்.

இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஒரு வார்த்த மாத்திச் சொன்னா உங்குளுக்கு இன்னா கொறஞ்சிடும் தம்பி?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொறயாதுக்கா. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். வேற வார்த்த வரல." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தம்மா போயிருக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் முதலில் "நான் டாக்டரு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஆனால் ஆரம்பித்தால் முடிக்காமல் விடமாட்டார். அவர் செய்துகொண்ட மாற்றம் அவ்வளவுதான்.

ரேடியேஷன் முடிந்து அவரவர் ஊருக்குப் போனோம். நைனாவுக்குக் கழுத்தில் ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். முதன்முதலில் அந்தக் குரலில் அம்மாவை அதட்டினார். ஆறுமாதச் செக்கப், வருடச் செக்கப் என்று போகும்போதெல்லாம் குடிபாலாக்காரருக்குப் போன் செய்து அவர்களும் அதே நாளில் வருகிறார்களா என்று கேட்டுக்கொள்வேன். அந்த அம்மாவுக்கு முடி வளர்ந்துவிட்டது. முன்பைவிடச் சுருட்டையாக, கறுப்பாக வளர்ந்தது என்று அதில் அவருக்குப் பெருமை.

மூன்றாவது வருடம் அந்த அம்மாவைச் சித்தூரில் தற்செயலாகப் பார்த்தேன். கல்லூரி வேலையாகப் போயிருந்தேன். காந்தி சிலைப் பக்கம் பூ வாங்கிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், வைத்தியம் நடந்த பக்கத்து அக்குளில் கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மாங்காய் சீசனுக்கு முன்னாலிருந்து என்றார்.

"அவன்கிட்ட சொல்லிடாதம்மே. செக்கப்புக்கு வரலன்னு சொல்லிக் கீறேன். முட்டி நோவுதுன்னு சொல்லிக் கீறேன்."

"ஏம்மா? அவருகிட்டயா மறைக்கிறீங்க?"

"போன தபா ஒரு வருசம் எங்கூடவே கெடந்தான். ஊட்டுக்குப் போனா அவன் பெத்த கொயந்த அவன மாமான்னு கூப்டுச்சி. இப்பத்தான் நைனான்னு கூப்டுது. போதும்மே. நான் இருக்கறவரிக்கும் இருந்துட்டுப் போறேன்."

நான் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்ததாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

நானாகப் போன் செய்யவில்லை. சில நாள் கழித்து அவரே செய்தார். முதலில் நைனாவைப் பற்றி விசாரித்தார்.

"எங்கம்மா உன்னியப் பாத்துதாம் சித்தூர்ல. பூக்காரம்மா சொல்லிச்சி. எதுனா சொல்லிச்சாக்கா? செக்கப்புக்குக் கூப்டா வரமாட்டேங்குது. முட்டி நோவுதுங்குது. ஆனா மாட்ட ஓட்டிக்கினு ஏரிக்குப் போவுது."

எனக்குப் பொய் சொல்ல வரும். அப்போதும் நாலைந்து பொய் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்காமல், அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், குழந்தை மாமா என்று கூப்பிட்டதையும் சேர்த்து. அந்தப் பக்கம் ஜேசிபியை அணைப்பது கேட்டது. "வெக்கிறேன்க்கா" என்று வைத்துவிட்டார்.

மறுவாரமே அம்மாவைக் கூட்டி வந்தார். நானும் நைனாவின் ஸ்கேனை அதே நாளில் வைத்துக்கொண்டேன். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் மறுபடி வந்திருந்தது. சிறியதுதான், பரவவில்லை, மருந்துக்கு அடங்கும் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்தே சொன்னார். பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி ஆபரேஷன், மறுபடி மருந்து, மறுபடி மொட்டை. இந்த முறை அவரும் அவர் மனைவியும் மாற்றி மாற்றி வந்தார்கள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. அந்த அம்மா அதற்குப் பிறகு நாலு வருடம் நன்றாகவே இருந்தார். போன தைமாதம், நெல் அறுப்பு முடிந்த பிறகு, வீட்டிலேயே இறந்தார். குடிபாலாக்காரரே போன் செய்து சொன்னார். கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டேன். "ரெண்டு நாளு ரொம்ப கஷ்டப்பட்டுதுக்கா" என்றார். மற்றவர்கள் எல்லாரும் தூக்கத்திலேயே போய்விட்டதாகத்தான் சொல்வார்கள்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது, மறுபடி வந்த நோயின் டெஸ்ட் முடிவு தெரிந்த அந்த மதியம்தான். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, கூடத்தில் நைனாவுக்கும் எனக்கும் எதிரில் இருவரும் உட்கார்ந்தார்கள். கூடம் பழையபடி நிறைந்திருந்தது. எல்லாம் புதுமுகங்கள். அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டா சொல்லிடுவேன்னு எனுக்குப் பேரு. அதனால எங்கிட்ட யாரும் எதியும் சொல்றதில்லக்கா. பொண்டாட்டிகூட மாடு சினையா இல்லியான்னு பக்கத்து ஊட்டுல சொன்னப்பறம்தான் எங்கிட்ட சொல்லுது. பெத்தவளே சொல்லல பாரு."

அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நைனா கழுத்தில் விரலை வைத்து ஏதோ சொல்லப் போய், வேண்டாமென்று விரலை எடுத்துவிட்டார்.

பிறகு அந்த அம்மா மகன் பக்கம் திரும்பினார். மகனுடைய மந்தமான காதுப் பக்கம் உட்கார்ந்திருந்ததால் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"டேய், உனுக்கு பயமா கீதாடா?"

நாங்கள் அவரை அறிந்த அத்தனை காலத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"கீதும்மா," என்றார். "மொத நாள்லேர்ந்தே கீது."

வழக்கம்போல உரக்கத்தான் சொன்னார். நாலு வரிசை வரை திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மைக்கில் நைனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நைனாவை எழுப்பி ஸ்கேன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.